காட்டுவதற்கென்று ஓர் அடுக்கு

கொடுப்பதற்கென்றே கட்டிய ஓர் இடத்தை, எதையும் கொடுக்காமலேயே வருடக்கணக்கில் நடத்திப் பெயர் வாங்கிய ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். அவர் எங்கள் இயக்குநர். முகத்துக்கு நேரே ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘பூட்டு’. யார் வைத்த பெயரோ தெரியாது, வைத்தவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கலாம்.

எங்கள் இடத்துக்கு உயிர்ப்பொருள் வங்கி என்று பெயர். நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் மனமுவந்து தரும் ரத்தம், தோல், தசை, அவற்றிலிருந்து வளர்த்த செல்கள் எல்லாவற்றையும் விரல் நீளக் குழாய்களில் அடைத்து உறைய வைப்போம். அந்த நோய்களை ஆராய்கிறவர்கள் எந்த ஊரிலிருந்து கேட்டாலும், குளிர் குறையாமல் கட்டி அனுப்ப வேண்டும். வாசல் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சேமிப்புக் கூடத்துக்கு நான் பொறுப்பு. அதாவது, கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான். ஆட்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எடுக்கத்தான் பூட்டு விடமாட்டார்.

அவருடைய வாதம் மிக எளிமையானது. கொடுத்தால் குறையும்.

“இருக்கறதையெல்லாம் கொடுத்துட்டா அப்புறம் நம்மகிட்ட என்னதான் இருக்கும்?” என்பார்.

இந்தக் கேள்வியை ஒரு மளிகைக் கடைக்காரர் கேட்டால் கடை ஒரு மாதம் தாங்காது. ஓர் இயக்குநர் கேட்டால் அதற்குத் தொலைநோக்கு என்று பெயர். வருட முடிவில் தலைமை அலுவலகத்துக்கு அவர் அனுப்பும் அறிக்கையில் கையிருப்பு போன வருடத்தைவிடக் கூடியிருக்கும். அங்கே இருந்தவர்களும் கூடியதைப் பார்த்துக் கைதட்டினார்கள். எவ்வளவு வெளியே போனது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அந்தக் கட்டத்தை அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வைத்திருந்தார்.

செல் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தால் முதலில் எதற்கு என்று கேட்பார். எதற்கு என்று எழுதி அனுப்பினால், விளக்கமாக எழுதச் சொல்வார். விளக்கமாக எழுதினால், குழு கூட வேண்டும் என்பார். குழு என்பது அவரும், அவர் தலையாட்டினால் சேர்ந்து தலையாட்டும் இரண்டு பேரும். ஒருமுறை ஓர் ஆராய்ச்சிக்காரருக்கு, “முதல்ல உங்க முடிவைக் காட்டுங்க, அப்புறம் செல்லைத் தர்றதைப் பத்தி யோசிப்போம்” என்று பதில் போனது. அந்த மனிதர் செல் இல்லாமல் எப்படி முடிவு காட்டுவது என்று கேட்டு எழுதினார். அதற்குப் பூட்டு, பாருங்கள், எவ்வளவு பொறுமையில்லாத ஆள், இவரை நம்பியா கொடுப்பது என்று என்னிடம் கேட்டார்.

சரி, இப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததையாவது ஒழுங்காகப் பாதுகாத்தாரா என்றால், அங்கேதான் வேடிக்கை.

எங்கள் கூடத்தில் திரவ நைட்ரஜன் தொட்டிகள் வரிசையாக நிற்கும். உருண்டையாக, எஃகில், மார்பு உயரத்துக்கு. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை பொங்கி, விளிம்பில் வழிந்து, தரையில் பரவும். அந்தப் புகைக்கு மயங்காத பெரிய மனிதரை நான் பார்த்ததில்லை. முதல் விருந்தாளி யார் என்று எனக்கு நினைவில்லை. அவர் வாயைப் பிளந்ததைப் பூட்டு பார்த்துவிட்டார், அதுதான் வினை. அன்றிலிருந்து யார் வந்தாலும் கூடத்துக்கு அழைத்து வருவார். முழங்கை வரை ஏறும் நீலக் கையுறையை மாட்டிக்கொள்வார். மூடியைத் திறந்து, புகைக்குள் கையை விட்டு, ஓர் அடுக்கைத் தூக்குவார். அடுக்கு என்றால் ஏணி மாதிரி உயரமான கம்பிச் சட்டம்; தட்டுக்குத் தட்டு குழாய்ப் பெட்டிகள். அதை விருந்தாளியின் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வார்.

“சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க.”

“கண்ணு மூடிட்டீங்க சார், இன்னொண்ணு எடுத்துக்கறேன்.”

“மேடம், நீங்களும் சார் பக்கத்துல வந்து நில்லுங்க.”

அந்தக் குழாய்களுக்குள் இருக்கும் செல்களுக்கு எங்கள் கூடத்தின் காற்றே அடுப்பு. அடுக்கை வெளியே எடுத்த உடனே மேல் தட்டில் உள்ள பெட்டி சூடேறத் தொடங்கும். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் சாகாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சாகும். திரும்ப உள்ளே இறக்கினால் பழையபடி உறைந்து, வெள்ளை பூத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உயிருள்ள செல்லும் செத்த செல்லும் உறைந்திருக்கும்போது பார்வைக்கு ஒன்றுதான். எங்கள் தொழிலில் இது சிலருக்குப் பெரிய வசதி.

அவர் எடுத்துக் காட்டியது ஏதோ ஓர் அடுக்கு என்றாலாவது பரவாயில்லை. விருந்தாளிகள் கையில் வாங்கியதும், “இதுல என்ன விசேஷம்?” என்று கேட்பார்கள். சாதாரண ரத்தம் என்றால் முகம் சுருங்கிவிடும். அதனால் அரிய நோய்க்காரர்களுடைய குழாய்களை எல்லாம் ஒரே அடுக்கில் கொண்டுவரச் சொன்னார். உலகத்தில் நாலைந்து குடும்பங்களுக்கு மட்டும் வரும் வியாதிகள், இறந்துபோனவர்களிடமிருந்து எடுத்தவை, இனி எங்கேயும் கிடைக்காதவை. ஒருவருடைய குழாய்களை இரண்டு தொட்டிகளில் பிரித்து வைக்க வேண்டும், ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதைச் சொன்னேன்.

“பிரிச்சு வெச்சா காட்டறதுக்கு வசதியா இருக்காதே” என்றார். அடுக்கு முதல் தொட்டிக்கு வந்தது.

காலிக் குழாய்களையே வைத்து, காட்டுவதற்கென்று வேறு ஓர் அடுக்கு செய்து தருகிறேன் என்றும் சொன்னேன். புகை அதே புகைதானே, படத்தில் யாருக்குத் தெரியப்போகிறது. அவர் முகம் வாடிப்போயிற்று. உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டார்.

“விருந்தாளிங்களை ஏமாத்தச் சொல்றீங்களா? இந்த நிறுவனத்துக்குன்னு ஒரு நேர்மை இருக்கும்மா.”

அப்படியானால் அந்த அடுக்கிலிருந்து ஒரே ஒரு குழாயை உருக்கி, செல் வளர்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம் என்றேன். நல்லா இருக்கான்னு பாக்கறதுக்காக நல்லா இருக்கறதைக் கெடுக்கறதா என்று கேட்டார். கணக்கில் ஒன்று குறைந்துவிடும் அல்லவா. எழுதியும் கொடுத்தேன். எல்லாவற்றையும் நெகட்டிவாகவே பார்க்காதீர்கள் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்.

வீட்டில் போய்ப் பொருமினேன். என் கணவர் சிரித்தார்.

“விருந்தாளி வந்தா மட்டும் அலமாரியிலருந்து இறக்கற கண்ணாடிக் கிளாஸ் கதைதான். வீட்டுக்காரங்க ஒரு நாளும் அதுல தண்ணி குடிச்சிருக்கமாட்டாங்க. ஒவ்வொண்ணா உடைஞ்சதும் வந்தவங்க கையிலதான்.”

சிரிப்பு வரவில்லை எனக்கு. எரிச்சல்தான் வந்தது.

இந்த நிலையில்தான் அந்த அம்மா வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாவியும் கையுமாக வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருடைய மகன் கல்லூரியில் சேர்ந்த வருடம், படிக்கட்டு ஏறும்போது விழுந்து இறந்துபோனான். இதயத் தசை தடித்துக்கொண்டே போகும் வியாதி, குடும்பத்தில் ஓடுவது. அதிலும் இவர்களுக்கு இருப்பது வேறு யாரிடமும் பார்த்திராத வகை. ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடியே, மகனுடைய இதயத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்தவர் இவர். அதிலிருந்து வளர்த்த செல்கள்தான் எங்கள் அரிய அடுக்கின் மேல் தட்டில் இருந்தன.

“இப்ப பாப்பாவுக்கும் அதே இதயம்னு சொல்லிட்டாங்க மேடம்” என்றார். பாப்பா என்பது பள்ளியில் படிக்கும் மகள்.

வேறு ஊரில் ஓர் ஆய்வாளர் இந்த வியாதிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். கைவசம் இருந்த சில மருந்துகளில் எது இந்தக் குடும்பத்தின் இதயத்துக்கு ஒத்துவரும், எது கெடுக்கும் என்று இதயச் செல்லில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாப்பாவுக்குக் கொடுக்க முடியும். அண்ணனுடைய செல் கிடைத்தால் அதிலேயே பார்த்துவிடலாம். கிடைக்காவிட்டால் பாப்பாவின் ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய், இதயத்திலிருந்தே கிள்ளி எடுக்க வேண்டும். அவளுடைய இதயம் இருக்கும் நிலையில் மேஜையிலேயே நின்றுபோகலாம் என்று டாக்டர்கள் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள்.

“அவன்கிட்டருந்து எடுத்தது இங்க இருக்கே. அப்புறம் எதுக்கு இவளைக் குத்தணும்? அந்த டாக்டரம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்களாம், நீங்க தரமாட்டேங்கறீங்களாம்.”

பூட்டிடம் அழைத்துப் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார். மரியாதையில் குறை வைக்க மாட்டார், அதனால் கையிருப்பு குறையாது.

“உங்க பையனோடதைப் பொக்கிஷம் மாதிரி பாத்துக்கிட்டிருக்கோம்மா. யார் யாரோ கேக்கறாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துட முடியுமா?”

“கேக்கறவங்களுக்குக் கொடுக்கறதுக்குத்தானே சார் நான் கொடுத்தேன்?” என்றார் அந்த அம்மா.

“குழு கூடிப் பேசறோம்” என்றார் பூட்டு.

குழு கூடவில்லை. அதற்குள் வேறொன்று நடந்தது. வங்கியின் ஆண்டு விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. வருகிறவர் சும்மா வராமல், உங்களால் பயனடைந்த ஒரு குடும்பத்தை மேடையில் பார்க்க விரும்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பூட்டுக்கு வேர்த்துவிட்டது. பயனடைந்த குடும்பத்துக்கு எங்கே போவது? எங்களால் யாரும் பயனடையாமல் அவர்தானே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தவர், மறுநாள் காலையில் அந்த அம்மாவைக் கூப்பிட்டுத் தானே அனுமதி கொடுத்துவிட்டார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் நெகிழ்ந்துபோனார், தன்னைப் பற்றித்தான்.

“இன்னைக்கே கட்டி அனுப்பிடறேன் சார்” என்றேன்.

“அவசரப்படாதீங்க. விழாவுல வெச்சுக் கொடுப்போம்.”

விழாவில் பூங்கொத்து, வரவேற்புரை, பூட்டின் உரை எல்லாம் இருந்தன. தன் உரையில் ‘ஈகை’ என்ற சொல்லை அவர் கூசாமல் பயன்படுத்தினார். பிறகு எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். பாப்பாவைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், அந்த வாயு அதிகமானால் மூச்சு முட்டும். மூடி திறந்தது. புகை பொங்கியது. அதிகாரி அடுக்கைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அவர் மனைவியும் எடுத்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுக்கை உள்ளே இறக்கப் போகும் நேரத்தில் பூட்டுக்கு ஞானோதயம் வந்தது.

“அம்மா கையில ஒரு தடவை கொடுப்போம்” என்றார்.

பொருந்தாத பெரிய கையுறையோடு அந்த அம்மா அடுக்கை வாங்கினார். மேல் தட்டில் இருந்த பெட்டியைப் பார்த்தார். ஒட்டியிருந்த சீட்டில் பெயர் கிடையாது, வெறும் எண்தான். ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது, எந்தப் பெட்டி என்று பூட்டு மேடையிலேயே சொல்லியிருந்தார்.

“ரொம்ப கனமா இருக்கேடா” என்றார், அவனிடம்.

அதன் பிறகு அவர் அசையவில்லை. அடுக்கைத் தோளோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். அதிகாரியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூட்டு மட்டும் புகைப்படக்காரரின் காதருகே குனிந்து, “விடாம எடு” என்றார். இனியும் பொறுத்தால் ஆகாது என்று நான் போய் அடுக்கைப் பிடித்தேன்.

“அம்மா, போதும். அவனுக்குச் சூடு ஆகாது.”

வெயிலில் நின்ற குழந்தையை நிழலுக்கு இழுக்கிற அவசரத்தோடு அந்த அம்மா அடுக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். ஐயோ, முன்னாடியே சொல்லக்கூடாதா மேடம் என்றார். அன்றே அவனுடைய குழாய்களைக் குளிர்கலத்தில் வைத்து அந்த ஆய்வாளருக்கு அனுப்பினேன். பூட்டு பாதியைத்தான் கொடுத்தார்.

ஆய்வாளர் நேரடியாக என் எண்ணுக்குக் கூப்பிட்டார். கோபக்காரி என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று கோபம் இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

“ஒண்ணுகூட வளரலை. எல்லாக் குழாயையும் பாத்துட்டேன்.”

“விழாவன்னைக்குக் கொஞ்ச நேரம் வெளியில இருந்தது” என்றேன்.

“ஒரு தடவை வெளியில இருந்தா ஒரு பங்கு சாகும், மிச்சம் பிழைக்கும். இதுல எல்லாமே உடைஞ்சு தூளாகி, கட்டி கட்டியா கிடக்கு. திரும்பத் திரும்ப உருகி உறைஞ்சிருக்கு. இது பழைய சாவு மேடம். என்ன பண்ணினீங்க நீங்க அங்க?”

மிச்சம் இருந்த பாதியில் ஒரு குழாயைப் பூட்டிடம் கேட்காமலே உருக்கி, வளர்க்கும் தட்டில் விட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொன்று. இரண்டிலும் ஓர் உயிர்கூட ஒட்டவில்லை. அதைப் போய்ச் சொன்னபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகுதான், அந்த அம்மாவுக்கு நானே பக்குவமாகச் சொல்கிறேன், நீங்கள் தலையிட வேண்டாம் என்றார்.

அவருடைய பக்குவத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அந்த அம்மா வந்திருந்த அன்று, ஒரு புதிய சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனபோது அந்த அம்மா குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“அன்னைக்குக் கொஞ்சம் அதிக நேரம் வெளியில இருந்துடுச்சு, அவ்வளவுதான்” என்று பூட்டு சொல்லிக்கொண்டிருந்தார். “பெத்தவங்க பாசம். அதை யாரு தப்புன்னு சொல்ல முடியும்? நாங்க ஒருநாளும் உங்களைக் குத்தம் சொல்லமாட்டோம்.”

பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது. அவ்வளவு நேர்மையாகப் பேசினார்.

“மேடம் வந்து வாங்கற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நின்னேன் சார்” என்றார் அந்த அம்மா. “சூடு ஆகாதுன்னு அவங்க சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சுது. ஒரு தடவை போனான், ரெண்டாவது தடவை நானே கொண்ணுட்டேன். பாப்பா அன்னைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டிருந்தா. அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?”

“மனசைத் தளர விடாதீங்க. எப்படியும் இப்ப பாப்பாகிட்டருந்து எடுக்கத்தான் போறாங்க. எடுக்கறப்ப அதுல ஒரு பங்கு நம்மகிட்ட இருந்தா என்னைக்கும் பத்திரமா இருக்கும். அதுக்குத்தான் மேடம் படிவம் கொண்டு வந்திருக்காங்க.”

அவர் படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த அம்மாவின் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியைத் திறந்தும் கொடுத்தார். அந்த அம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். எங்கே என்று கேட்டார். அடுத்த அரிய அடுக்குக்கு ஆள் சேர்கிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரை இவ்வளவு நாள் கோமாளி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கேலி பேசிப் பேசியே பழகிவிட்டது. கோமாளி இல்லை இவர்.

“அம்மா, கையெழுத்துப் போடாதீங்க. நீங்க பிடிச்சதால அவன் சாகலை.”

“மேடம், நீங்க போகலாம்” என்றார் பூட்டு.

நான் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சொன்னேன். அது பழைய சாவு என்று ஆய்வாளர் சொன்னதை, மிச்சக் குழாய்களை நானே உருக்கிப் பார்த்ததை, பெரிய மனிதர்கள் வரும்போதெல்லாம் அந்த அடுக்கு வெளியே வந்ததை எல்லாம் சொன்னேன். பூட்டு நடுவில் இரண்டு முறை, மேடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க என்றார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“வந்தவங்க எல்லாரும் அவனைத் தூக்கிப் பாத்தாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமாம்மா.”

“எதுக்கு?”

“போட்டோவுக்கு.”

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். பிறகுதான் பூட்டைப் பார்த்தார்.

“நான்தான் கொண்ணேன்னு நான் சொல்றப்ப, கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தீங்களே சார்.”

பூட்டு தொண்டையைச் செருமிக்கொண்டார். வெப்பநிலை, காரணிகள், பல கோணங்கள் என்று ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார், காவலாளியைக் கூப்பிட்டிருப்பார்.

“கேட்டவங்களுக்குக் கொடுக்கலை. பாக்க வந்தவங்களுக்கெல்லாம் கொடுத்திருக்கீங்க” என்றார். பிறகு என்னிடம், “அந்த அடுக்குல என் பையன் மட்டுமா மேடம் இருந்தான்?” என்று கேட்டார்.

“இல்லம்மா. நிறைய குடும்பம்.”

“அவங்களும் இப்படித்தான் ஆயிருப்பாங்களா?”

“மேல் தட்டுல இருந்தவங்க ஆயிருப்பாங்க. கீழ இருக்கறவங்களைச் சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“அவங்க வீட்டுல தெரியுமா?”

“தெரியாது.”

இங்கே பூட்டுக்குத் தெம்பு வந்தது. பழகிய இடத்துக்கு வந்துவிட்டார். “அதெல்லாம் தனிப்பட்ட விவரம். வெளியில சொல்ல விதி இடம் கொடுக்காது” என்றார்.

“எனக்குச் சொல்ல வேணாம் சார். அவங்களுக்குச் சொல்லுங்க. அவங்க இதை நம்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வேற வழி இருந்தா இப்பவே தேடிக்கட்டும்.”

பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டிருந்தது. அந்த அம்மா கைபேசியில் மாற்று ஓட்டுநரைக் கூப்பிட்டு, “தம்பி, இன்னைக்கு வேனை நீ எடுத்துக்கோ, பிள்ளைங்களைப் பாத்துக் கூட்டிட்டுப் போ, எனக்கு இங்க நேரமாகும்” என்றார். பிறகு நாற்காலியின் நுனியிலிருந்து பின்னால் நகர்ந்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் என் அறைக்குப் போய் அந்த அடுக்கின் குடும்பங்களுடைய தொலைபேசி எண்களை எடுத்துக்கொண்டு வந்தேன். வேண்டுமென்றேதான் இந்த அறைக்கே வந்தேன். பூட்டின் மேஜையில் இருந்த தொலைபேசியை என் பக்கம் இழுத்தேன். அவர் கையை நீட்டினார். அந்த அம்மா அவரைப் பார்த்தார். நீட்டிய கை மெல்லப் பின்னால் போய்விட்டது. இதோடு என் வேலை போகும் என்று தெரியும். அதை யோசிக்கும் அளவுக்கு அப்போது மனதில் இடம் இல்லை.

முதல் எண்ணை அழுத்தினேன். ஓர் ஆண் குரல். வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் மகளுடைய மாதிரி விஷயமாக என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து நிற்பது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

“யாராவது கேட்டுட்டாங்களா மேடம்? அவளோடதை வெச்சு ஆராய்ச்சி பண்றாங்களா?”

“சார், நான் சொல்லவந்தது…”

“ஒரே நிமிஷம் மேடம், சொல்லிடாதீங்க. அவ அம்மா சமையல்கட்டுல இருக்கா. கூப்பிடறேன், அவளும் சேந்து கேக்கட்டும்.”